முதல் மெக்கானிக்கல் விசைப்பலகைக்கு எந்த டாக்டைல் ஸ்விட்ச்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க முடிவெடுத்தவர்கள் முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம், ஒவ்வொரு விசையின் அடியிலும் தனித்தனியாக இருக்கும் ஸ்விட்ச்தான். நூற்றுக்கணக்கான பெயர்கள், அத்தனையும் ஏதோ ஒரு நிறம் அல்லது பழம் அல்லது விலங்கு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறம், பெயர், பெட்டியில் அச்சிட்ட கிராம் எண் ஆகிய மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். அழுத்தும்போது விரலில் தட்டுப்படும் அந்த மேடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்ற இரண்டைப் பாருங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும்.

டாக்டைல் மற்ற வகைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

லீனியர் ஸ்விட்சில் மேலிருந்து அடிவரை அழுத்தம் சீராகக் கூடிக்கொண்டே போகும், வழியில் எதுவும் தட்டுப்படாது. டாக்டைலில் வழியில் ஒரு மேடு உண்டு. வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்குவதைப் போல, விரல் ஒரு கணம் எதிர்ப்பைச் சந்தித்து, தாண்டியதும் சட்டென்று இலகுவாகும். கிளிக்கி வகையில் இந்த மேட்டோடு வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட 'டிக்' ஓசையும் சேர்ந்திருக்கும். அந்த ஓசைக்கென்றே தனி உறுப்பு உள்ளே இருக்கிறது. டாக்டைலில் அது கிடையாது. ஆனால் டாக்டைல் என்றால் சத்தமே வராது என்று அர்த்தமில்லை. அடியில் மோதும் ஓசை எல்லா வகைக்கும் பொது.

அந்த மேடு உள்ளே எப்படி உண்டாகிறது?

ஒரு ஸ்விட்சைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மேற்கூடு, கீழ்க்கூடு, நடுவில் தண்டு, அதன் கீழே ஸ்பிரிங், ஓரமாக மெல்லிய உலோகத் தகடு. மொத்தம் இவ்வளவுதான். தண்டின் தலையில் கூட்டல் குறி வடிவம் இருக்கும், விரல் படும் மூடியான கீகேப் அதன் மேல்தான் உட்காரும். தண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் துருத்திக்கொண்டிருக்கும். இவைதான் கதாநாயகர்கள்.

விசை சும்மா இருக்கும்போது இந்தக் கால்கள் தகட்டை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தியதும் கால்கள் கீழே இறங்க, தகடு விடுபட்டு உள்பக்கம் திரும்பி இன்னொரு உலோகத்தைத் தொடும். எழுத்து பதிவாவது அப்போதுதான். லீனியர் தண்டின் கால்கள் வழவழப்பான சரிவு. டாக்டைல் தண்டின் கால்களை நகத்தால் வருடினால் ஒரு புடைப்பு தட்டுப்படும். அந்தப் புடைப்பு தகட்டைத் தள்ளிக்கொண்டு கடக்கும் பாடுதான் விரலுக்கு மேடாகத் தெரிகிறது. புடைப்பின் வடிவத்தை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மாற்றினாலே வேறு ஸ்விட்ச் ஆகிவிடும். சந்தையில் இத்தனை வகை இருப்பதற்கு இதுவே காரணம்.

தண்டு திரும்ப மேலே வரும்போதும் அதே புடைப்பைத் தாண்ட வேண்டும். அதற்கான பலத்தை ஸ்பிரிங்தான் தர வேண்டும். பெரிய புடைப்புக்கு மிக மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டால் விசை மேலே வரச் சோம்பல்படும், சில சமயம் பாதியில் நின்றும் விடும். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் கிளியர் என்ற டாக்டைல் ஸ்விட்சின் கனமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இலகுவானதைப் போட்டு 'எர்கோ கிளியர்' செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஸ்பிரிங்கின் எடையைக் குறைத்துக்கொண்டே போக அங்கே ஓர் எல்லை உண்டு.

பெட்டியில் '45 கிராம்', '67 கிராம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அதை வைத்து ஒப்பிடலாமா?

ஒப்பிட முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு இடத்தில் அளந்த எண்ணை எழுதுகிறது. சிலர் எழுத்து பதிவாகும் புள்ளியில் தேவைப்படும் அழுத்தத்தைச் சொல்வார்கள். சிலர் மேட்டின் உச்சியில் உள்ளதைச் சொல்வார்கள். இன்னும் சிலர் அடிவரை அழுத்தத் தேவையானதை, அதாவது ஸ்பிரிங்கின் எடையைச் சொல்வார்கள். செர்ரி எம்எக்ஸ் பிரவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவாகும் இடத்தில் 45 சென்டிநியூட்டன், மேட்டின் உச்சியில் 55. ஓரிடத்தில் 45 என்றும் இன்னோரிடத்தில் 55 என்றும் பார்க்கும் வாசகர் இரண்டு வெவ்வேறு ஸ்விட்ச் என்று நினைத்துக்கொள்வார். ஸீலியோஸ் 67 என்ற இன்னொரு டாக்டைல் ஸ்விட்சிலோ அந்த 67 அடிவரை அழுத்துவதற்கான எண். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது அதைவிட 12 கிராம் கனம்' என்று கணக்குப் போடுவதில் பொருளே இல்லை.

(ஒரு சென்டிநியூட்டனும் ஒரு கிராம் எடையின் அழுத்தமும் ஏறக்குறைய சமம். அலகைப் பற்றிக் குழம்ப வேண்டாம். எங்கே அளந்தார்கள் என்பதை மட்டும் கேளுங்கள்.)

அப்படியானால் எதைப் பார்த்து ஒப்பிடுவது?

அழுத்த வரைபடத்தை. பல ஸ்விட்சுகளுக்கு இது கிடைக்கிறது. கிடைமட்டக் கோட்டில் தண்டு இறங்கிய தூரம் மில்லிமீட்டரில், செங்குத்துக் கோட்டில் அழுத்தம். லீனியருக்கு ஏறத்தாழ நேர்கோடாக ஏறும் படம் வரும். டாக்டைலுக்கு ஒரு குன்றும் அதற்குப் பின் ஒரு பள்ளமும், பிறகு ஸ்பிரிங்கின் சீரான ஏற்றமும், கடைசியில் அடியில் மோதும் செங்குத்துக் கோடும் தெரியும்.

முதலில் குன்று எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பிரவுன் வகையில் முதலில் சிறிது தூரம் வெறுமையாக இறங்கி, அதன் பிறகே குன்று தொடங்கும். பின்னால் வரும் பாண்டா, போபா வகைகளில் விசையைத் தொட்டு அழுத்தத் தொடங்கியதுமே குன்று ஆரம்பித்துவிடும், அந்த வெறும் இறக்கமான முன்னோட்டமே இல்லை. விரலில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. முன்னோட்டம் உள்ளவை லீனியர் ஒன்றின் நடுவில் எதையோ செருகியது போல இருக்கும். முன்னோட்டம் இல்லாதவற்றில் அழுத்துதல் என்பதே அந்த மேடுதான்.

அடுத்து, குன்றின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளி. மேடு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதைச் சொல்வது இதுதான். பிரவுனில் இது சுமார் 10 சென்டிநியூட்டன். வேகமாகத் தட்டச்சு செய்யும் கைக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உச்சி 60 ஆக இருந்து பள்ளம் 30 வரை இறங்கும் ஒரு ஸ்விட்சை எந்த வேகத்திலும் விரல் உணரும்.

கடைசியாக, குன்றின் உச்சி, அடியில் மோதும் செங்குத்துக் கோடு தொடங்கும் இடத்தைவிட உயரமா என்று பாருங்கள். ஆம் என்றால், மேட்டைத் தாண்டத் தேவையான அழுத்தம் அடிவரை போகத் தேவையானதைவிட அதிகம். அப்படிப்பட்ட ஸ்விட்சில் மேட்டைத் தாண்டிய விரல் அடியில் போய் மோதாமல் நிற்காது. 'டாக்டைல் வாங்கினால் அடிவரை அழுத்தாமல் பாதியிலேயே நிறுத்தித் தட்டச்சு செய்யலாம்' என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. உச்சி இப்படி உயர்ந்த எந்த ஸ்விட்சிலும் அது நடக்காது. உச்சியைத் தாண்டும் அளவுக்கு அழுத்திய விரலை அதற்குப் பிறகு வரும் பள்ளம் எப்படி நிறுத்தும்?

எல்லோரும் பிரவுன் வாங்கச் சொல்கிறார்களே?

பெரும்பாலான ஆயத்த விசைப்பலகைகளில் கிடைப்பதால் சொல்கிறார்கள். பிரவுன் மோசமான ஸ்விட்ச் அல்ல. ரப்பர் விசைப்பலகையிலிருந்து வருபவரை அது அதிர்ச்சிக்குள்ளாக்காது, பக்கத்தில் இருப்பவரையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் டாக்டைல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அது நல்ல மாதிரி அல்ல. மேடு சின்னது, அதோடு அந்த இடத்தில் லேசான சொரசொரப்பும் கலந்திருக்கும். பலர் பிரவுனைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'டாக்டைல் எனக்கு ஒத்துவராது' என்று லீனியர் பக்கம் போய்விடுகிறார்கள். அவர்கள் சந்தித்தது டாக்டைலையே அல்ல என்பது என் எண்ணம்.

பட்ஜெட்டுக்குள் பிரவுன் போட்ட விசைப்பலகை மட்டுமே வருகிறது, ஸ்விட்சைக் கழற்றி மாற்ற முடியாது என்றால் தயங்காமல் வாங்குங்கள். மாற்ற முடியும் என்றால் பிரவுனை விசைப்பலகையோடு வந்த இலவச இணைப்பாக எண்ணிக்கொள்ளலாம்.

சரி, எதில் தொடங்குவது?

தட்டச்சுதான் முக்கியம், மேடு தெளிவாகத் தெரிய வேண்டும், கை ஓயக் கூடாது என்பவருக்கு டூராக் டி1 நல்ல தொடக்கம். உருண்டையான மேடு, 67 கிராம் ஸ்பிரிங், எந்த முனையிலும் மிகை இல்லை. இன்னும் வலுவாக வேண்டும், ஆழ்ந்த தாழ்ந்த ஓசையும் வேண்டும் என்றால் கஸ்ஸியூ போபா யூ4டி. அதன் 62 கிராம் வடிவத்தை எடுங்கள். 68 கிராம் வடிவமும் உண்டு, ஆனால் முதல் விசைப்பலகைக்கு 62 போதும். மெல்லிய கை கொண்டவர்களுக்கு ஆக்கோ லாவெண்டர் பர்ப்பிள். ஸ்பிரிங் இலகு, ஆனாலும் மேடு பிரவுனைவிடத் தெளிவாகத் தெரியும்.

செர்ரி கிளியர் இன்றும் மரியாதைக்குரிய ஸ்விட்ச்தான், ஆனால் அதன் ஸ்பிரிங் முடிவில் மிகவும் கனக்கும். ஸீலியோஸ் அருமையானது, விலையும் அதற்கேற்றபடி ஏறும். முதல் முறைக்கு அது தேவையில்லை. கைல் பாக்ஸ் ராயல் போன்ற மிகக் கூர்மையான மேடு கொண்டவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. ஐந்து நிமிடம் அழுத்திப் பார்க்கும்போது மகிழ்ச்சி தரும், ஐந்து பக்கம் தட்டச்சு செய்தால் விரல் கெஞ்சும்.

ஹோலி பாண்டா என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது என்ன?

ஒரு ஸ்விட்சின் கூட்டில் இன்னொரு ஸ்விட்சின் தண்டைப் போட்டுப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த கலவை. இன்வியர் பாண்டா என்ற லீனியர் ஸ்விட்சின் கூடு, ஹேலோ ஸ்விட்சின் தண்டும் ஸ்பிரிங்கும். தனித்தனியாக இரண்டும் பெரிதாகப் பேசப்பட்டவை அல்ல. சேர்ந்தபோது தொட்டதுமே தொடங்கும் பெரிய உருண்டை மேடும் கம்பீரமான ஓசையும் கிடைத்தன. கூடு கிடைப்பது அரிதாக இருந்ததால் ஆசையும் கூடியது. பிறகு டிராப், குளோரியஸ் போன்ற நிறுவனங்கள் இதே வழியில் ஆயத்த ஸ்விட்சுகளைக் கொண்டுவந்தன. இன்றைக்கு முன்னோட்டம் இல்லாத பெரிய மேடு என்பது சாதாரண விலையிலேயே கிடைக்கிறது. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் பயன்படுத்த வேண்டும். சத்தம் வராத டாக்டைல் உண்டா?

உண்டு. இவற்றின் தண்டில் மேலும் கீழும் மோதும் இடங்களில் சின்ன ரப்பர்த் துண்டுகள் இருக்கும். போபா யூ4, டூராக் ஷ்ரிம்ப், ஸைலண்ட் (Zilent) ஆகியவை இந்த வகை. ரப்பர் அடியில் மோதும் உணர்வைக் கொஞ்சம் மொத்தையாக்கும். சிலருக்கு அது பிடிக்காது. போபா யூ4 இதில் விதிவிலக்கு என்பேன். மேடு அவ்வளவு வலுவாக இருப்பதால் அடியில் ரப்பர் இருப்பது பெரிய குறையாகப் படுவதில்லை. வாங்கும்போது யூ4 என்பதையும் யூ4டி என்பதையும் கவனித்துப் படியுங்கள். ஓரெழுத்து வித்தியாசம்தான், ஆனால் முதலாவது பூனை, இரண்டாவது அறை முழுக்கக் கேட்கும்.

ஸ்விட்ச் டெஸ்டர் வாங்கி அழுத்திப் பார்த்தால் போதுமா?

டெஸ்டர் என்பது பல வகை ஸ்விட்சுகளில் ஒவ்வொன்றைப் பதித்த சின்னப் பலகை. அதில் பாதிதான் தெரியும். ஒற்றை ஸ்விட்சை ஒற்றை விரலால் மெதுவாக அழுத்தும்போது எல்லா மேடும் பெரிதாகத் தெரியும், எல்லா ஸ்பிரிங்கும் இலகுவாகத் தெரியும். டெஸ்டரில் வரும் ஓசைக்கும் விசைப்பலகையில் வரும் ஓசைக்கும் சம்பந்தமே இருக்காது. மேடு எங்கே தொடங்குகிறது என்பதை அறிய டெஸ்டர் உதவும். கனத்தை அறிய உதவாது. இதைவிட நல்ல வழி, பிடித்த இரண்டு மூன்று வகையில் பத்துப் பத்து வாங்கி, ஸ்விட்சை மாற்றக்கூடிய விசைப்பலகையில் அதிகம் பயன்படும் எழுத்துகளின் இடத்தில் போட்டு, வழக்கமான வேலையைச் செய்வது. இடக்கைக்கு ஒரு வகை, வலக்கைக்கு இன்னொரு வகை என்று போட்டால் ஒரே நாளில் கையே தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஹாட்-ஸ்வாப் என்பது என்ன? எந்த ஸ்விட்சும் பொருந்துமா?

ஸ்விட்சைச் சாலிடர் செய்யாமல் சொருகிக் கழற்றும் வசதி. முதல் விசைப்பலகையில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஸ்விட்சைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் விசைப்பலகை வீணாகாது.

மேலே சொன்னவை எல்லாம் எம்எக்ஸ் வகைக் காலமைப்பு கொண்டவை, எம்எக்ஸ் ஹாட்-ஸ்வாப் விசைப்பலகையில் பொருந்தும். உயரம் குறைந்த விசைப்பலகைகளுக்கும், ஒளியால் இயங்கும் ஆப்டிகல் வகைக்கும், காந்தத்தால் இயங்கும் பெரும்பாலான விசைப்பலகைகளுக்கும் பொருந்தாது. வாங்குமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று கால், ஐந்து கால் என்று இரண்டு வடிவம் உண்டு. இரண்டிலும் உலோகக் கால்கள் இரண்டுதான், நடுவில் தடித்த பிளாஸ்டிக் குமிழ். ஐந்து கால் வகையில் பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் பிளாஸ்டிக் கால்கள் இரண்டு. சர்க்கிட் போர்டில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிடலாம். மின்னிணைப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

சொருகும்போது அவசரம் கூடாது. உலோகக் கால்கள் இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் அது ஸ்விட்சின் வயிற்றின் கீழ் மடங்கிப் படுத்துக்கொள்ளும், விசை வேலை செய்யாது. 'ஸ்விட்ச் கெட்டுப்போய் வந்திருக்கிறது' என்று வரும் புகார்களில் பாதி இதுதான். கழற்றி, சாமணத்தால் நிமிர்த்தி, மீண்டும் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். இறங்க மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். போர்டின் அடியிலுள்ள சாக்கெட் பெயர்ந்து வந்துவிடும்.

கிரீஸ் போட வேண்டுமா?

முதல் முறைக்கு வேண்டாம். ஆலையிலேயே கிரீஸ் போட்டு வரும் ஸ்விட்சை வாங்கி அப்படியே பயன்படுத்துங்கள். ஆர்வம் அடங்கவில்லை என்றால் ஒரு விதி: தண்டின் கால்களில் கிரீஸ் படக் கூடாது. அங்கே பட்டால் மேடு வழுக்கி மழுங்கிவிடும், காசு கொடுத்து வாங்கிய டாக்டைல் பாதி லீனியராகிவிடும். தண்டின் பக்கங்களிலும் கூட்டின் தடங்களிலும் மெல்லிய பூச்சு போதும். லீனியருக்குப் பயன்படும் கிரைடாக்ஸ் 205ஜி0 இதற்குக் கொஞ்சம் தடிமன். டிரைபோசிஸ் 3203 போன்ற இலகுவானது ஏற்றது. ஸ்பிரிங்கின் கிண்கிண் ஓசை மட்டும்தான் தொந்தரவு என்றால், எல்லா ஸ்பிரிங்குகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சில சொட்டு கிரைடாக்ஸ் 105 எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். அதற்கும் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும் என்பதை மறந்துவிட்டுத் தொடங்காதீர்கள்.

விளையாட்டுக்கு டாக்டைல் சரியாக வருமா?

வரும். ஒரே விசையை மிக வேகமாக மீண்டும் மீண்டும் தட்டும் விளையாட்டுகளில் மட்டும் லீனியர் வசதி. அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் மேட்டை ஏறி இறங்குவது வீண் வேலை. மற்றபடி பழக்கம்தான்.

ஸ்விட்சை மாற்றியும் ஸ்பேஸ்பார் கடகடவென்கிறதே?

அது ஸ்விட்சின் குற்றமல்ல. நீண்ட விசைகளின் இருபுறமும் ஸ்டெபிலைசர் என்ற கம்பி உண்டு. கம்பி பிளாஸ்டிக்கில் தட்டும் ஓசைதான் அது. கம்பியின் முனைகளில் கெட்டியான கிரீஸ் வைத்தால் அடங்கும்.

எத்தனை ஸ்விட்ச் வாங்குவது?

விசைகளின் எண்ணிக்கையோடு நான்கைந்து கூடுதலாக. எஃப் விசைகளும் அம்புக்குறி விசைகளும் இல்லாத 60 சதவீத விசைப்பலகைக்குப் பெரும்பாலும் 61, எண்பட்டை இல்லாத வழக்கமான அளவுக்கு 87, முழு அளவுக்கு 104. உங்கள் விசைப்பலகையை ஒருமுறை எண்ணிவிடுங்கள். நாட்டுக்கு நாடு தளவமைப்பு மாறுவதால் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

எவ்வளவு காலம் உழைக்கும்? மேடு தேய்ந்துவிடாதா?

5 கோடி முதல் 10 கோடி அழுத்தங்கள் வரை தாங்கும் என்று நிறுவனங்கள் குறிக்கின்றன. மின்தொடர்பைப் பொறுத்தவரை நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மேடு மட்டும் கொஞ்சம் மாறும். பிளாஸ்டிக் புடைப்பும் உலோகத் தகடும் உரசி உரசித் தொடக்கத்தின் கூர்மை சற்றே தணியும், சொரசொரப்பும் குறையும். அதிகம் அடிபடும் எழுத்துகளில் இது முதலில் நடக்கும், மேல் வரிசை எண்களில் நெடுநாள் ஆகும். வித்தியாசம் உறுத்தினால் இரண்டு இடத்து ஸ்விட்சுகளையும் மாற்றிச் சொருகிக்கொள்ளுங்கள். கீகேப்பைக் கழற்றும்போது உள்ளே சேர்ந்திருக்கும் தூசியையும் தூரிகையால் தட்டிவிடலாம்.